குட்டித் தொப்பி பின்னுறதுக்கு முன்னாடி, பெற்றோர்களுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்பு பிள்ளைங்க கைத்தொழில் பீரியட்ல நிட்டிங்கும் (ரெண்டு ஊசியில பின்னுறது) குரோஷாவும் (ஒரே கொக்கி ஊசியில பின்னுறது) கத்துக்கிட்டு இருக்காங்க, வீட்ல கட்டிலுக்கு அடியில நூல்கண்டு உருண்டு கிடக்கிறத பாத்து உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். இந்த வருஷமும் பின்னினத எல்லாம் தானமா கொடுக்கப் போறோம், ஆனா போன வருஷம் கொடுத்த மாதிரி இல்ல. ஏன்னு சொல்லத்தான் இத எழுதுறேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும், உக்காந்து படிங்க.

போன வருஷம் மூணு பெரிய மூட்டை சேர்ந்துச்சு ஞாபகம் இருக்கா, பாட்டிமாரெல்லாம் கூட பின்னிக் கொடுத்தாங்க, பிள்ளைங்க அதத் தூக்கிக்கிட்டு ஒரு ஆஸ்பத்திரியோட குழந்தைகள் வார்டுக்கு என்கூட வந்தாங்க. அங்க சிஸ்டர் ஒவ்வொண்ணா எடுத்து உள்பக்கம் திருப்பிப் பாத்து ரெண்டு குவியலா பிரிச்சாங்க. சின்னக் குவியல அவங்க வச்சுக்கிட்டாங்க, பெரிய குவியல் எங்ககூடவே திரும்பி வந்துச்சு. பட்டன் வச்ச சட்டை, உச்சியில நூல் குஞ்சம் தொங்குற தொப்பி, கழுத்துல நாடா கட்டுற மேல்துணி, முடி முடியா உதிர்ற நூல்ல பின்னின போர்வை, எல்லாம் பாக்க அவ்வளவு அழகு, ஒண்ணு கூட அந்தக் குழந்தைகளுக்குப் போட முடியாது. குஞ்சமும் பட்டனும் பிஞ்சு வாய்க்குள்ள போயிடும், நாடா கழுத்தச் சுத்திடும், உதிர்ற நூல் மூக்குக்குள்ள போகும். வர்ற வழியில பஸ்ல ஒரு பிள்ளை "மிஸ், நம்மளுது நல்லா இல்லையா"ன்னு கேட்டா, எனக்கு உடனே பதில் சொல்ல வரல.

இதுல பிள்ளைங்க தப்பு எதுவும் இல்ல, உங்க தப்பும் இல்ல, சிஸ்டர் அவங்க வேலைய சரியா செஞ்சாங்க. என்ன வேணும், என்ன அளவு, எந்த நூல்னு முன்கூட்டியே ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கணும், நான் கேக்கல. அதனால இந்த தடவ நூல் வாங்கச் சொல்றதுக்கு முன்னாடி மூணு இடத்துக்கு நானே நேர்ல போய் கேட்டு எழுதிக்கிட்டு வந்திருக்கேன். அவங்க கேட்டத மட்டும்தான் பின்னப் போறோம்.

முதல்ல குறைமாசக் குழந்தைகளுக்கான தொப்பி. 37 வாரம் முடியுறதுக்கு முன்னாடி பிறந்தா குறைமாசம்னு சொல்றாங்க. அந்தக் குழந்தைங்க உடம்புல சூட்டைப் பிடிச்சு வைக்கிற கொழுப்பு ரொம்பக் கம்மி, உடம்போட ஒப்பிட்டா தலை பெருசு, அதனால தலை வழியாவே நிறைய சூடு போயிடும். பிறந்த குழந்தையோட உடம்பு வெப்பம் 36.5ல இருந்து 37.5 டிகிரி செல்சியஸுக்குள்ள இருக்கணும், அதுக்குக் கீழ இறங்கினா மூச்சுல இருந்து சர்க்கரை அளவு வரைக்கும் எல்லாம் தடுமாற ஆரம்பிச்சிடும். கங்காரு முறைன்னு கேள்விப்பட்டிருப்பீங்க, குழந்தைய அம்மாவோட நெஞ்சுல தோலோட தோல் படுற மாதிரி அணைச்சு வைக்கிறது, 1978ல கொலம்பியா நாட்டுல பொகோட்டாவுல இன்குபேட்டர் பத்தாம டாக்டர்கள் ஆரம்பிச்சு வச்சது. அப்படி அணைச்சு வைக்கிறப்போ குழந்தை உடம்புல டயப்பரும் தலையில ஒரு தொப்பியும்தான் இருக்கும். நம்ம பிள்ளைங்க பின்னுற தொப்பி போய் உக்காரப் போற இடம் அதுதான், அத நினைச்சுக்கிட்டே பின்னட்டும்.

அளவு விஷயத்துல கொஞ்சம் கவனமா இருங்க. முழு மாசக் குழந்தையோட தலைச்சுற்றளவு 35 செ.மீ. பக்கம் இருக்கும், 28 வாரத்துல பிறந்த குழந்தைக்கு 26 செ.மீ. பக்கம்தான். ஒரு டென்னிஸ் பந்தோட சுற்றளவே கிட்டத்தட்ட 21 செ.மீ., அப்ப எவ்வளவு சின்னத் தலைன்னு யோசிச்சுப் பாருங்க. ரெண்டு நேர் தையல் ரெண்டு புரட்டுத் தையல்னு மாத்தி மாத்தி போட்டா தொப்பி நல்லா இழுபடும், தலை வளர வளர கூடவே விரியும், அதனால தலை அளவ விட ஒரு ரெண்டு மூணு செ.மீ. கம்மியா பின்னினாப் போதும். மெல்லிசான காட்டன் நூல், இல்லன்னா குழந்தைகளுக்குன்னே வர்ற மெத்துன்னு இருக்கிற அக்ரிலிக்ங்கிற செயற்கை நூல், ரெண்டுல ஒண்ணு. ஓட்டை ஓட்டையா வர்ற லேஸ் டிசைன் எவ்வளவு அழகா இருந்தாலும் வேண்டாம், குட்டி விரல் மாட்டிக்கும். உங்க வீட்டுக் குழந்தைக்கு காலுறை, கையுறை பின்னுறவங்க உள்பக்கம் நூல் எதுவும் நீட்டிக்கிட்டு இல்லாம பாத்துக்கோங்க, ஒரே ஒரு இழை விரல்ல சுத்திக்கிட்டா ரத்த ஓட்டமே நின்னு போயிடும், குழந்தை ஏன் அழுதுன்னு கூட யாருக்கும் தெரியாது. இன்னொண்ணு, இந்தத் தொப்பி நர்ஸ் பக்கத்துல இருந்து பாத்துக்கிற வார்டுக்குத்தான். உங்க வீட்ல கைக்குழந்தை இருந்தா தூங்கும்போது தொப்பி போட்டு விடாதீங்க, சூடு அதிகமாயிடும், ஒரு வயசு ஆகுற வரைக்கும் படுக்கையில தளர்வான போர்வையும் வேண்டாம்.

குறைமாசக் குழந்தைங்க பிடிச்சுக்க ஆக்டோபஸ் பொம்மை பின்னலாமான்னு நிறைய பேர் கேட்டீங்க. அது 2013ல டென்மார்க்ல ஆரம்பிச்சது, அந்தக் கால்களப் பிடிச்சிக்கிறப்போ குழந்தைக்குத் தொப்புள்கொடியப் பிடிச்ச மாதிரி இருக்கும்னு சொல்லி உலகம் பூரா பின்னினாங்க. இழுத்துப் பிடிச்சாலும் ஒரு கால் 22 செ.மீ. தாண்டக் கூடாதுன்னு கணக்கு வச்சு, சுத்தமான காட்டன்ல, 60 டிகிரில துவைக்கிற மாதிரி பின்னணும். சில ஆஸ்பத்திரில வாங்கிக்கிறாங்க, நாம கொடுக்கப் போற வார்டுல வேண்டாம்னுட்டாங்க, தூங்குற குழந்தை பக்கத்துல பொம்மை எதுவும் கிடக்கக் கூடாதுங்கிறது அவங்க விதி. அவங்க வேண்டாம்னா வேண்டாம்தான், கெஞ்சக் கூடாது.

ரெண்டாவது, புற்றுநோய்க்கு கீமோ மருந்து எடுத்துக்கிறவங்களுக்கான தொப்பி. இதுல எனக்கு சொந்த அனுபவம் உண்டு. என் அக்காவுக்கு கீமோ நடந்தப்போ அஞ்சாறு பேர் அன்பா தொப்பி பின்னி அனுப்பினாங்க, அவ கடைசி வரைக்கும் போட்டது ஒண்ணே ஒண்ணுதான், வெளிர் நீல நிறத்துல சாதாரண காட்டன் தொப்பி. மத்ததெல்லாம் கம்பளி, முடி கொட்டின தலையில தோல் அவ்வளவு மென்மையா இருக்கும், கம்பளி பட்டாலே அரிக்கும், எரியும். ராத்திரி தலை சில்லுனு ஆகி அவளுக்குத் தூக்கம் வராது, அப்ப அந்த நீலத் தொப்பியதான் தேடுவா. அதனால காட்டன், இல்லன்னா பேம்பூன்னு சொல்ற மூங்கில் நூல்ல பின்னுங்க, உங்க கன்னத்துல, கழுத்துல ஒரு நிமிஷம் வச்சுப் பாருங்க, உறுத்தினா அந்த நூல் வேண்டாம். தையல் இணைப்பு நெத்தியில, காதுக்குப் பின்னாடி அழுத்தாம இருக்கணும். முடி இல்லாத தலைக்கு நம்ம தொப்பி லூசா போய் கண்ணுல இறங்கும், அதனால கொஞ்சம் பிடிப்பா இருக்கட்டும். போராடுங்க ஜெயிப்பீங்கன்னு கார்டு எழுதி உள்ள வைக்க வேண்டாம், பிள்ளைங்க கிட்டயும் சொல்லியிருக்கேன். வாங்கிக்கிறவங்க அன்னைக்கு எந்த நிலைமையில இருப்பாங்கன்னு நமக்குத் தெரியாது.

மூணாவது, முதியோர் இல்லத்துல சக்கர நாற்காலில உக்காந்திருக்கிறவங்களுக்கு மடிப்போர்வை. இதத்தான் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு துண்டு பின்னி நாம ஒண்ணா சேர்க்கப் போறோம். 7 அங்குலம் அகலம் 9 அங்குலம் நீளம்னு ஒரு துண்டு, 1991ல அமெரிக்காவுல ஈவி ரோசன்னு ஒருத்தர் ஆரம்பிச்ச முறை, அவங்க 49 துண்டு சேர்த்து ஒரு முழுப் போர்வை ஆக்கினாங்க. நமக்கு மடியும் முழங்காலும் மூடினாப் போதும்ங்கிறதால 20 துண்டு, அகலத்துக்கு அஞ்சு உயரத்துக்கு நாலுன்னு வச்சா 35க்கு 36 அங்குலம் வந்துடும். ஒவ்வொருத்தர் கை இறுக்கமும் ஒவ்வொரு மாதிரி, ஒரே எண்ணிக்கையில தையல் போட்டாலும் ஒருத்தர் துண்டு உள்ளங்கை அளவும் இன்னொருத்தர் துண்டு தட்டு அளவும் வரும், அதனால தையல எண்ணாதீங்க, ஸ்கேல் வச்சு அளந்து பாருங்க. ஓரத்துல குஞ்சம் வேண்டாம், சக்கரத்துல சிக்கும். இதுக்கு மட்டும் அக்ரிலிக்தான், ஏன்னா அங்க எல்லாத்தையும் சேர்த்து மெஷின்ல சுடுதண்ணில போடுவாங்க, கம்பளியா இருந்தா சுருங்கி கெட்டியா ஆயிடும், ஒரு தடவ துவைச்சதோட முடிஞ்சது கதை. அக்ரிலிக் நெருப்புல உருகும்ங்கிறதையும் ஹீட்டர் பக்கத்துல கொண்டு போகாதீங்கன்னும் இல்லத்துல சொல்லிட்டேன்.

முடிக்கிறப்போ நூல் நுனிய முடிச்சுப் போட்டு வெட்டிடாதீங்க, முடிச்சு அவிழும், உறுத்தவும் செய்யும். ஒரு சாண் நூல் விட்டு பெரிய கண் ஊசில கோர்த்து தையலுக்குள்ளயே ஒரு பக்கம், திரும்ப எதிர்ப்பக்கம், மறுபடி ஒரு தடவன்னு ஓட்டிட்டு வெட்டுங்க. வாசனை இல்லாத சோப்புல துவைச்சு நல்லாக் காய வைங்க, வீட்ல யாராவது சிகரெட் பிடிச்சாலோ நாய் பூனை இருந்தாலோ துவைச்ச உடனே கவர்ல போட்டு மூடிடுங்க. என்ன நூல், எப்படித் துவைக்கணும்னு ஒரு துண்டுச் சீட்டு கட்டாயம், சீட்டு இல்லாதது போன வருஷம் நேரா பெரிய குவியலுக்குத்தான் போச்சு.

பிள்ளைங்க கிட்ட நான் பெங்குயின் கதை சொன்னேன், வீட்ல வந்து சொல்லியிருப்பாங்க. 2001ல ஆஸ்திரேலியாவுல பிலிப் தீவுக்குப் பக்கத்துல கடல்ல எண்ணெய் கொட்டி லிட்டில் பெங்குயின்னு சொல்ற சின்ன ரகப் பெங்குயின்கள் நூத்துக்கணக்குல இருக்கே, அதுங்க மேல அப்பிடுச்சு. அதுங்க அலகால இறகக் கோதினா எண்ணெய் வயித்துக்குள்ள போயிடும், அதத் தடுக்கவும் குளிர் தாங்கவும் கழுவி விடுற வரைக்கும் ஸ்வெட்டர் போட்டு விட்டாங்க. நல்ல விஷயம்தான, ஆனா அதக் கேள்விப்பட்டு உலகம் பூரா ஜனங்க பின்னி அனுப்பி அனுப்பி தேவைக்கு மேல குவிஞ்சு போய், மிச்சத்த பொம்மை பெங்குயினுக்குப் போட்டு வித்து நிதி சேர்த்தாங்க. 2019 கடைசியில அதே ஆஸ்திரேலியாவுல காட்டுத்தீ வந்தப்பவும் கங்காருக் குட்டிகளுக்கு பை பின்னி அனுப்பினது மலை மாதிரி சேர்ந்து, போதும் நிறுத்துங்கன்னு அத வாங்கிச் சேர்த்தவங்களே கேட்டுக்கிட்டாங்க. பின்னின பைக்குள்ள குட்டிய அப்படியே வைக்கவும் முடியாது, நகம் மாட்டும், உள்ள காட்டன் துணிப் பை வேற வேணும். கதைய முடிச்சதும் ஏழாம் வகுப்புல ஒரு பையன் எழுந்து "அப்ப நம்ம வார்டுக்கு எத்தனை தொப்பி வேணும்னு கேட்டீங்களா மிஸ்"னு கேட்டான். கேட்டிருக்கேன்ப்பா, 40ன்னேன். அதனால 40 தொப்பி சேர்ந்ததும் மத்தவங்க மடிப்போர்வைத் துண்டுக்கு மாறிடுங்க.

பையனுக்கு எதுக்கு இந்த வேலைன்னு கேட்ட பெற்றோருக்கு ஒரு வார்த்தை. முதல் உலகப் போர் சமயத்துல பள்ளிக்கூடத்துல பையன்களும் பொண்ணுங்களும் சேர்ந்துதான் சிப்பாய்களுக்கு காலுறையும் மஃப்ளரும் பின்னி அனுப்பினாங்க. உங்க பையன் நல்லாவே பின்னுறான், விடுங்க.

புது நூல்தான் வாங்கணும்னு கிடையாது, மிச்சம் மீதி கண்டு இருந்தா கொடுங்க, என்ன நூல்னு தெரியாதத மட்டும் தனியா வைங்க, அத பழகுறதுக்கு வச்சுக்குவோம். அடுத்த மாசம் கடைசி வெள்ளிக்கிழமைக்குள்ள வந்து சேரணும். பாதியில நின்னு போனா பிள்ளைய திட்டாதீங்க, ராத்திரி நீங்க உக்காந்து முடிச்சும் கொடுக்காதீங்க. ஊசியில இருக்கிற தையல் அவிழாம ஒரு பெரிய சேஃப்டி பின்ல மாட்டி, நூல்கண்டோட சேர்த்து கவர்ல போட்டு அனுப்புங்க, வியாழக்கிழமை ஸ்கூல் விட்டதும் நான் என் ரூம்லதான் இருப்பேன், உக்காந்து சேர்ந்து முடிச்சிடுவோம்.

அன்புடன்,
தலைமையாசிரியை