செயலாளரின் ஆண்டறிக்கை: அமராவதிச் சிற்பங்களோடு ஓர் ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் மன்ற உறுப்பினர்களுக்கும் வணக்கம். சென்ற பொதுக்குழுவில் ஒருமனதாக முடிவு செய்தபடி, இவ்வாண்டின் மாதக் கூட்டங்கள் அனைத்தையும் அமராவதிப் பௌத்தச் சிற்பங்களுக்கே ஒதுக்கினோம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார்.

ஆந்திராவில் கிருஷ்ணா ஆற்றின் தென்கரையிலுள்ள அமராவதியில் நின்ற பௌத்தப் பெருந்தூபியை 1816இல் நில அளவையாளர் காலின் மெக்கன்சியின் குழுவினர் அளந்து வரைந்தனர். 1845இல் ஆங்கிலேய அதிகாரி வால்டர் எலியட் அகழ்ந்தெடுத்துச் சென்னைக்கு அனுப்பிய கற்களில் பெரும்பகுதி பின்னர் லண்டனுக்குக் கப்பலேறிவிட்டது என்பதைப் படித்தபோது உறுப்பினர்கள் பலர் வருந்தினர். எனினும் எழும்பூர் அருங்காட்சியகத்தில் எஞ்சியிருப்பவையே நமக்கு ஓராண்டுக்குப் போதுமானவையாக இருந்தன. பளிங்கு என்று வழக்கில் சொல்லப்படும் அக்கல் உண்மையில் பல்நாட்டுச் சுண்ணாம்புக்கல்.

எங்களை நெடுநேரம் நிறுத்தியது, புத்தரைக் கொல்ல ஏவப்பட்ட நளகிரி என்ற யானையின் கதையைச் சொல்லும் வட்டச் சிற்பம். இடப்பக்கம் மதயானை வெறிகொண்டு வருகிறது. அஞ்சிய பெண்ணொருத்தி அருகிலிருப்பவரைப் பற்றிக்கொள்கிறாள். மாடத்திலிருந்து மக்கள் எட்டிப் பார்க்கிறார்கள். வலப்பக்கம் அதே யானை புத்தர் முன் மண்டியிடுகிறது. ஒரே வட்டத்துக்குள் இரண்டு கணங்களைச் செதுக்கிய அச்சிற்பியின் துணிவை வியக்காமல் இருக்க முடியவில்லை.

அங்கே புத்தர் மனித உருவில் நிற்கிறார். வேறு பலகைகளிலோ அவருக்குப் பதிலாக வெற்று ஆசனமும், போதி மரமும், சக்கரம் பொறித்த திருவடிகளும் மட்டுமே இருக்க, சுற்றிலும் உள்ளோர் கைகூப்பி வணங்குகிறார்கள். அவர் துறவு பூண்டு வெளியேறும் காட்சியில் ஆளில்லாத குதிரைக்கு மேல் குடை பிடிக்கப்படுகிறது. உருவம் வடிக்கத் தடை இருந்ததாலேயே குறியீடு பிறந்தது என்ற விளக்கம் கூட்டத்தில் முன்வைக்கப்பட்டது. உருவமும் குறியீடும் ஒரே தூபியில் இடம்பெற்றிருப்பதால், அவ்விளக்கம் மட்டும் போதாது என்றே நான் கருதுகிறேன். மணிபல்லவத் தீவில் புத்தரின் திருவடி பொறித்த பாதபீடிகையைத் தொழுத மணிமேகலையை அறிந்த நமக்கு, திருவடியை வணங்குவது ஆளை வணங்குவதேதான் என்பதை எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தூபியின் நான்கு திசைகளிலும் முன்நீண்ட மேடைகளில் ஐந்தைந்தாக நின்ற ஆயகத் தூண்கள் புத்தரின் பிறப்பு, துறவு, ஞானம், முதல் உபதேசம், பரிநிர்வாணம் ஆகியவற்றைக் குறிப்பதாகக் கொள்ளப்படுகிறது. அவை நின்ற திசைகளை நேரில் கண்டறிய, வரும் ஆண்டில் அமராவதிக்கே ஒரு பயணம் மேற்கொள்ளச் செயற்குழு பரிந்துரைத்துள்ளது. அதற்குப் பொதுக்குழு ஒப்புதல் அளிக்குமாறு வேண்டுகிறேன்.

செயலாளர்