காலாண்டு விடுமுறைக்கு முன் பெற்றோர்களுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். வெள்ளிக்கிழமையோடு காலாண்டுத் தேர்வு முடிகிறது. பள்ளி திறக்கும் தேதியைப் பிள்ளைகளிடம் எழுதிக் கொடுத்திருக்கிறோம், இந்தக் கடிதம் அதற்காக இல்லை. விடுமுறையில் நீங்கள் வேலைக்குப் போய்விடுவீர்கள், வீட்டில் இருக்கும் பிள்ளையின் கையில் போன் இருக்கும். அதைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகவே பேச வேண்டியிருக்கிறது. வாசிக்கச் சிரமப்படுகிறவர்கள் பிள்ளையையே படித்துக் காட்டச் சொல்லுங்கள். அவர்களுக்குத் தெரியக்கூடாதது இதில் எதுவும் இல்லை.

முதலில் ஒரு வேண்டுகோள். போனில் ஏதோ சிக்கலில் மாட்டிக்கொண்டேன் என்று பிள்ளை வந்து சொன்னால், அன்றைக்கு அடிக்காதீர்கள், போனைப் பிடுங்காதீர்கள். "உன்னை யார் அந்த இன்ஸ்டாகிராமுக்குள் போகச் சொன்னது?" என்ற கேள்வியையும் ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் படத்தையோ வீடியோவையோ வைத்துக்கொண்டு பிள்ளையை மிரட்டுகிறவன் நம்பியிருப்பதே அந்தக் கேள்வியைத்தான். "உங்க அப்பாவுக்கு அனுப்பவா?" என்பதுதான் அவன் பேசும் முதல் வசனம். அப்பாவிடம் நாமே சொல்லிவிடலாம் என்று பிள்ளைக்குத் தோன்றிவிட்டால் அவன் கையில் மிரட்ட ஒன்றும் மிஞ்சாது.

இது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். ஒன்பதாவது, பத்தாவது படிக்கும் பையனுக்கு ஒரு பெண்ணின் படம் போட்ட கணக்கிலிருந்து நட்பு அழைப்பு வரும். நாலு நாள் பேச்சு, அப்புறம் வீடியோ கால். அந்தப் பக்கம் ஓடுவது ஏற்கெனவே எடுத்து வைத்த வீடியோவாகக்கூட இருக்கும். இந்தப் பக்கம் பையன் செய்வது பதிவாகிவிடும். உடனே அவன் நண்பர்களின் பெயர்ப் பட்டியலை அவனுக்கே அனுப்பி, 500 ரூபாய் கேட்பார்கள். கொடுத்தால் அடுத்து 5,000. பெண் பிள்ளைகளுக்கு இது வேறு மாதிரி வரும். பழகிய ஒருவனே, நம்பி அனுப்பிய படத்தை வைத்துக்கொண்டு மிரட்டுவான். படமே அனுப்பாத பிள்ளையும் தப்புவதில்லை. ஸ்டேட்டஸில் வைத்த சாதாரண போட்டோவை ஏஐ செயலியில் போட்டு ஆபாசப் படமாக மாற்றிவிடுகிறார்கள்.

ஆண் பிள்ளைக்கு என்ன ஆகிவிடப் போகிறது என்ற பேச்சை நான் அடிக்கடி கேட்கிறேன். மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-இல் 13 மாநிலங்களில் எடுத்த ஆய்வில், பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்ன குழந்தைகளில் பாதிக்கும் சற்று மேலானவர்கள் ஆண் பிள்ளைகள். பையன்கள் வெளியே சொல்வது இன்னும் குறைவு, அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்படி ஏதாவது நடந்தால் பணம் கொடுக்காதீர்கள். பதறிப்போய் எல்லாவற்றையும் அழித்துவிடவும் வேண்டாம். அந்தக் கணக்கின் பெயர், எண், மிரட்டிய செய்திகள், பணம் கேட்ட யுபிஐ ஐடி எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, அப்புறம் பிளாக் செய்யுங்கள். பணம் ஏற்கெனவே போய்விட்டதென்றால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு உடனே அடியுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அந்த அளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு உண்டு. மத்திய அரசின் சைபர் குற்றப் புகார் இணையதளத்தில், குழந்தைகள் சம்பந்தப்பட்ட ஆபாசப் படங்கள் பற்றிப் பெயர் சொல்லாமலும் புகார் கொடுக்கலாம். படம் பரவிவிடுமோ என்று பயந்தால் 'டேக் இட் டவுன்' என்றொரு இலவசச் சேவை இருக்கிறது. அதில் படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. படத்திலிருந்து எடுக்கப்படும் ஓர் அடையாளக் குறியீடு மட்டும் போகும். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற நிறுவனங்கள் அதை வைத்து அந்தப் படத்தைத் தேடி நீக்குகின்றன.

போன் பாட்டுக்கு இருக்கட்டும், ஆபத்து எப்போதும் தூரத்திலிருந்துதான் வரும் என்று நினைத்துவிடாதீர்கள். போக்சோ, அதாவது பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டத்தின் கீழ் வரும் வழக்குகளைப் பற்றித் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வெளியிடும் கணக்குகளில், பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவர் பிள்ளைக்குத் தெரிந்தவர்தான். உறவுக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், வேன் ஓட்டுகிறவர், டியூஷன் எடுப்பவர். ஆசிரியர்களும் இதில் விதிவிலக்கு இல்லை என்பதை ஆசிரியராக இருந்துகொண்டே சொல்கிறேன். "அந்த மாமா வீட்டுக்குப் போக மாட்டேன்" என்று பிள்ளை அடம் பிடித்தால், மரியாதை தெரியாத பிள்ளை என்று திட்டுவதற்கு முன் ஏன் என்று ஒரு தடவை கேளுங்கள்.

இன்னொன்றையும் இப்போதே வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். "சார், வெளியே தெரிந்தால் பொண்ணு பேர் கெட்டுடும், ஊருக்குள்ளேயே பேசி முடிச்சுக்கலாம்" என்று யாரும் என்னிடம் வர வேண்டாம். 18 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரியவந்தால் போலீசில் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது 2012-இல் வந்த போக்சோ சட்டம். சொல்லாமல் விடுகிறவருக்கு 6 மாதம் வரை சிறை. எனக்குக் கீழ் வேலை பார்ப்பவர் செய்ததை நான் மறைத்தால் எனக்கு ஓராண்டு வரை. பேர் கெட்டுவிடும் என்ற பயத்துக்கும் அதே சட்டத்தில் பதில் இருக்கிறது. பிள்ளையின் பெயரையோ படத்தையோ பள்ளியையோ எந்த ஊடகத்திலும் வெளியிடக்கூடாது. வாக்குமூலம் வாங்க போலீஸ்தான் பிள்ளையின் வீட்டுக்கே வர வேண்டும், முடிந்தவரை பெண் அதிகாரியாக, அதுவும் சீருடை இல்லாமல். எந்தக் காரணத்துக்காகவும் இரவில் பிள்ளையை ஸ்டேஷனில் வைத்திருக்கக்கூடாது.

பெற்றோர் வாட்ஸ்அப் குழுக்களுக்கும் ஒரு வார்த்தை. எங்கோ ஒரு குழந்தைக்கு நடந்த கொடுமையின் வீடியோ வரும். "என்ன அநியாயம் பாருங்க" என்று நல்ல மனதோடுதான் பத்து பேருக்கு அனுப்புவீர்கள். அப்படி அனுப்புவதும் குற்றம்தான். அத்தகைய படங்களை நீக்காமல், தகவலும் சொல்லாமல் போனில் வைத்திருப்பதே குற்றமாகலாம் என்று 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்த வழக்கு சென்னையில் பதிவானது. அப்படியே, பிள்ளை சீருடையோடு பள்ளி வாசலில் நிற்கும் படத்தைத் தினமும் ஸ்டேட்டஸில் வைப்பதையும் குறைத்துக்கொள்ளலாம். எந்தப் பள்ளி, எந்த வகுப்பு, எத்தனை மணிக்கு வெளியே வரும் என்று முன்பின் தெரியாதவர்களுக்கு நாமே ஏன் சொல்ல வேண்டும்?

கணக்கு தொடங்கும் விஷயத்துக்கு வருகிறேன். இன்ஸ்டாகிராமுக்கும் வாட்ஸ்அப்புக்கும் குறைந்தபட்ச வயது 13. நம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் பலர் பிறந்த வருடத்தை 2000 என்று போட்டுவிட்டு உள்ளே போயிருக்கிறார்கள். இதனால் வேறொரு நஷ்டமும் உண்டு. 2025 பிப்ரவரியிலிருந்து இந்தியாவிலும் 18 வயதுக்குட்பட்டோரின் இன்ஸ்டாகிராம் கணக்குகள் பூட்டிய கணக்குகளாகவே தொடங்குகின்றன. தெரியாதவர்கள் நேரடியாகச் செய்தி அனுப்ப முடியாது. 16 வயதுக்குக் கீழே என்றால் அந்தப் பூட்டைத் தளர்த்தப் பெற்றோரின் அனுமதி வேண்டும். பொய் வயது போட்ட பிள்ளைக்கு இதெல்லாம் கிடைக்காமல் போகலாம்.

1098 என்ற எண்ணைப் பிள்ளைக்கு மனப்பாடமாகச் சொல்லிக் கொடுங்கள். குழந்தைகளுக்கான இலவச உதவி எண், 24 மணி நேரமும் உண்டு, பிள்ளையே அடிக்கலாம். பள்ளி சம்பந்தப்பட்ட புகார் என்றால், என் மேலேயே புகார் என்றாலும், 14417. பிள்ளைகள் புகாரை எழுதிப் போடும் எங்கள் 'மாணவர் மனசு' பெட்டி என் அறைக்கு வெளியே இருந்தது. என் கண்ணெதிரே சீட்டுப் போடப் பிள்ளைகள் தயங்குகிறார்கள் என்று ஆசிரியைகள் சொன்னதால் நூலகத்துக்குப் பக்கத்தில் மாற்றி வைத்திருக்கிறோம். அதைத் திறந்து பார்க்கும் குழுவில் பெற்றோர் தரப்பிலிருந்தும் உறுப்பினர்கள் இருக்கிறார்கள்.

பள்ளி திறந்த முதல் வெள்ளிக்கிழமை பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் முடிந்ததும், மாலை 5 மணிக்கு, கணினி ஆசிரியை எல்லோருக்கும் போன் அமைப்புகளை மாற்றிக் காட்டுவார். போனை சார்ஜ் போட்டு எடுத்து வாருங்கள், முடிந்தால் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். திருப்பூரிலும் சென்னையிலும் வேலையில் இருக்கும் அப்பாக்கள் அன்று வீடியோ காலில் கலந்துகொள்ளலாம். தனியாகப் பேச வேண்டியது இருந்தால் கூட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். விடுமுறையிலும் காலை 10 முதல் 12 வரை அலுவலகத்தில் இருப்பேன். பெண் ஆசிரியரிடம்தான் பேச வேண்டும் என்றால் அலுவலகத்தில் சொல்லுங்கள், ஏற்பாடு செய்கிறோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்