அணிலுக்கு எலி மருந்து தீர்வல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் வீட்டுக் குறிப்புகள் பகுதியில் அணில் தொல்லைக்கு மூன்று வழிகள் சொல்லியிருந்தீர்கள்: பரணில் அந்துருண்டை, மொட்டை மாடியில் பசை அட்டை, அப்படியும் அடங்காவிட்டால் எலி மருந்து. முதல் இரண்டால் பயனில்லை. மூன்றாவது ஆபத்து. வீடுகளில் அணில் நுழையும் இடங்களை அடைத்துக் கொடுக்கும் வேலையில் இருப்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

கடையில் கேக் வடிவில் விற்கும் எலி மருந்தில் பெரும்பாலும் இருப்பது புரோமடியோலோன். இரத்தம் உறையவிடாமல் செய்து கொல்லும் மருந்து அது. தின்ற உயிர் சாக மூன்று நான்கு நாளாவது ஆகும். அதற்குள் அணில் பரண் மூலையிலோ ஏசிக்குப் பின்னாலோ போய் ஒடுங்கிக்கொள்ளும்; நாற்றம் அடித்த பிறகுதான் நமக்குத் தெரியவரும். தள்ளாடிக்கொண்டு திரியும் அணிலைப் பூனையோ காக்கையோ பிடித்துத் தின்றால் விஷம் அங்கேயும் போய்ச் சேரும். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த பசை மருந்து இன்னும் மோசம். அது மனிதர் ஈரலைக் கெடுக்கும், அதற்கு மாற்று மருந்து கிடையாது. அணில் பகலில் நடமாடும் பிராணி என்பதால் மருந்தைப் பகலில், மாடியில், திறந்த இடத்தில் வைக்க வேண்டிவரும். குழந்தைகள் விளையாடும் நேரமும் இடமும் அதுதானே!

அந்துருண்டை வாசனை பீரோ போன்ற மூடிய இடத்தில்தான் தங்கும். காற்றோடும் பரணில் அணில் அதை ஒதுக்கிவிட்டுப் பக்கத்திலேயே கூடு கட்டும். குழந்தை வாயில் போட்டுக்கொண்டால் சிலருக்கு இரத்தச் சிவப்பணுக்கள் சிதையும். பசை அட்டையில் அணிலுக்கு முன்னால் பல்லியும் ஓணானும் குருவியும் ஒட்டிக்கொள்ளும். கூண்டு வைத்துப் பிடித்து வேறு ஊரில் விடுவதையும் நான் ஆதரிப்பதில்லை. பிடிபட்டது தாயாக இருந்தால் குட்டிகள் உங்கள் பரணிலேயே பட்டினியில் சாகும். பிடிபட்டது தாயாக இல்லாவிட்டாலும், வழி திறந்திருக்கும்வரை அடுத்த அணில் அதே இடத்துக்குக் குடி வரும்.

ஆகவே செய்ய வேண்டியது வழியை அடைப்பது. எந்த வழி என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். பழி சில நேரம் தப்பான ஆள்மேல் விழுகிறது. இரவில் பரணில் ஓடும் சத்தம் கேட்டால் அது எலி. விடிந்த பிறகும் சாயங்காலமும் கேட்டால் அணில். தென்னையில் குரும்பை காம்புப் பக்கம் துளைபட்டு விழுந்தால் அதுவும் எலியின் வேலையே. கோகோ காயில் வித்தியாசம் தெளிவாகத் தெரியும்: எலி காம்பை ஒட்டிக் கடிக்கும், அணில் காயின் நடுவில் கடிக்கும்.

இப்போதைய வீடுகளில் அணிலுக்கு மிகப் பிடித்த வாசல் ஸ்பிலிட் ஏசியின் சுவர் ஓட்டை. செம்புக் குழாய்க்காக இரண்டரை அங்குலத்துக்கு ஓட்டை போடுவார்கள். குழாய், வயர், தண்ணீர் ட்யூப் எல்லாம் உள்ளே போன பிறகும் ஒரு பக்கம் சந்து நிற்கும். அதன்மேல் கொஞ்சம் வெள்ளை சிமெண்ட்டையோ ஃபோம் ஸ்ப்ரேயையோ பூசிவிட்டு ஆட்கள் கிளம்பிவிடுவார்கள். ஃபோம் அணில் பல்லுக்கு நிற்காது. முன்பல் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பதால் அணில் எதையாவது கொறித்தே ஆக வேண்டும். செம்புக் குழாயைச் சுற்றிய கருப்பு ஃபோம் உறையையும் அது பிய்த்துக் கூட்டுக்கு எடுத்துப்போகும். உறை போன இடத்தில் குழாய் வியர்த்துச் சுவரில் ஈரம் இறங்கும். ஏசி ஒழுகுகிறது என்று மெக்கானிக்கைக் கூப்பிட்டு, கேஸ் நிரப்பி, காசு செலவழித்தும் ஈரம் நிற்காததற்கு இதுதான் காரணமாக இருக்கும்.

இதற்கு முதலில் ஏசிக்கு வரும் மின்சாரத்தை நிறுத்தும் எம்சிபி சுவிட்சை அணைத்துவிடுங்கள். ஓட்டையில் உள்ள பழைய பூச்சைச் சுரண்டி எடுத்து, குழாய்க்குப் புது உறை போட்டு டேப் சுற்றுங்கள். பாத்திரம் தேய்க்கும் துருப்பிடிக்காத ஸ்டீல் நாரைச் சந்தில் இரண்டு அங்குல ஆழத்துக்கு இறுக்கித் திணிக்க வேண்டும். சாதாரண இரும்பு நார் ஒரு மழைக்காலத்தில் துருப்பிடித்து உதிர்ந்துவிடும். திணித்த ஸ்டீல் நாரின்மேல் ஒரு பங்கு சிமெண்ட்டுக்கு மூன்று பங்கு மணல் கலந்து அரை அங்குலக் கனத்துக்குப் பூசினால் போதும். வெளியே குழாய் ஓடும் நீளத்துக்குப் பிவிசி கேசிங் போடுவது நல்லது.

அவுட்டோர் யூனிட் தனிக் கதை. கார்த்திகையிலிருந்து மாசிவரை ஏசி ஓய்வில் இருக்கும்போது தேங்காய் நார், பஞ்சு, துணிக்கிழிசல், நூல் எல்லாம் உள்ளே சேர்ந்துவிடும். வெயில் ஏறியதும் ஸ்விட்சைப் போட்டால் விசிறியில் அடிபட்டு அணில் சாகும், அல்லது நார் சிக்கி மோட்டார் கெடும். முதல் முறை ஓடவிடுவதற்கு முன் எம்சிபியை அணைத்து, டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். யூனிட்டின் பின்பக்கத்துக்கு வலை போடுவதானால் அங்கே உள்ள குழாய்ச் சுருளிலிருந்து (காயில்) ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். ஒட்டிப் போட்டால் தூசி அடைத்துக் காற்று குறைந்து மின்சாரச் செலவு ஏறும்.

வலை என்றதும் பலரும் கோழி வலை வாங்கிவருகிறார்கள். ஒரு அங்குலக் கண்ணில் குட்டி அணில் நுழைந்துவிடும். மெல்லிய கம்பியை வளைத்தும் விடும். நைலான் வலையைக் கடித்துக் கிழிக்கும், சில சமயம் கழுத்து மாட்டிச் சாகும். தேவையானது அரை அங்குலக் கண் உள்ள ஜி.ஐ. வெல்டு மெஷ், அதாவது துத்தநாகம் பூசிய, பற்றவைத்த கம்பி வலை. ஓட்டையைவிட நாலு பக்கமும் இரண்டு அங்குலம் கூடுதலாக வெட்டி, வாஷர் வைத்து ஸ்க்ரூ போட்டு முடுக்குங்கள். எக்ஸாஸ்ட் ஃபேனுக்குத் தட்டையாக அடித்தால் வெளிப்பலகைகள் திறக்காது. நாலு அங்குலம் வெளியே தள்ளி நிற்கும்படி பெட்டிபோல மடித்து மாட்ட வேண்டும். அடுக்களை எண்ணெய்ப் பிசுக்கு வலையில் படியும் என்பதால் கழற்றிக் கழுவவும் ஸ்க்ரூதான் வசதி. ஓட்டு வீட்டில் இறவாணத்து (கூரை விளிம்பு) ஓடுகளின் வளைவுச் சந்துகளுக்கும் இதே வலையை உள்ளே வைத்துச் சாந்து பூசலாம். சுவரிலிருந்து ஆறடிக்குள் இருக்கும் கிளைகளைக் கழிப்பது உதவும். ஆனால் அதை மட்டும் செய்துவிட்டு இருந்தால் கேபிள் வயர் வழியாகவும் சொரசொரச் சுவர் வழியாகவும் அணில் ஏறிவரும்.

அடைக்கும் நேரம் மிக முக்கியம். உள்ளே குட்டி இருக்கும்போது அடைத்தால் தாய் அணில் வலையைச் சுற்றிச் சுற்றிக் கடித்து மரச்சட்டத்தையே அரிக்கும். குட்டிகள் உள்ளே செத்து அழுகும். குட்டிகள் மயிரில்லாமல், கண் மூடித்தான் பிறக்கின்றன. பால் குடி மறக்க ஏறத்தாழ இரண்டரை மாதம் ஆகும். எந்த மாதத்திலும் கூட்டில் குட்டி இருக்கலாம் என்று எண்ணியே வேலையைத் தொடங்குங்கள். செய்தித்தாளைக் கசக்கி ஓட்டையில் லேசாகச் செருகிவையுங்கள். இரண்டு முழுப் பகல் கழித்தும் அசையாமல் இருந்தால், உள்ளே கீச்சொலியும் இல்லையென்றால், மூன்றாம் நாள் நடுப்பகலில் அடைக்கலாம். தாள் கீழே விழுந்திருந்தால் காத்திருக்கத்தான் வேண்டும். காத்திருக்க வழியில்லாத இடமானால் காலையிலேயே கூட்டைக் கலைக்காமல் அப்படியே எடுத்து, வாய் திறந்த அட்டைப் பெட்டியில் வைத்து, அதே ஓட்டைக்கு அருகில் நிழலில், பூனை எட்டாத உயரத்தில் கட்டுங்கள். ஆள் விலகி நின்றால் தாய் வந்து குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு வேறு கூட்டுக்குப் போகும். குட்டிக்கு மாட்டுப் பால் புகட்டாதீர்கள், வயிற்றுப்போக்கில் போய்விடும்.

மாடித் தோட்டக்காரர்களுக்கு ஒன்று. கோடையில் சொட்டுநீர்க் குழாய்களை அணில் கடிப்பது பெரும்பாலும் தண்ணீருக்காக. நிழலில் ஒரு அகலமான மண்சட்டியில் நடுவே கல் வைத்து, தினமும் காலையில் பாசனத்துக்கு முன்பே நிரப்பிவையுங்கள். கடிபட்ட இடத்தை வெட்டி ஜாயினர் போடும் வேலை வெகுவாகக் குறையும். கொய்யா, மாதுளைக்குக் காய் எலுமிச்சை அளவு வந்ததும் துணிப்பை கட்டிவிடலாம். பறவைக்குத் தானியம் வைப்பவர்கள் அதில் மிளகாய்த்தூள் பிரட்டி வைக்கலாம். பறவைக்கு அந்தக் காரம் உறைக்காது, அணிலுக்கு உறைக்கும். தரையில் தூவும் மிளகாய்த்தூள் ஒரு பனியில் கரைந்துவிடும், வீண்.

எலி மருந்தைப் பரிந்துரைத்த அந்தப் பத்தியைப் படித்துவிட்டுப் பலர் கடைக்குப் போயிருப்பார்கள். அடுத்த இதழில் மற்றதெல்லாம் போடுவதற்கு இடமில்லாவிட்டாலும், அணிலுக்கு விஷம் வைக்க வேண்டாம் என்ற திருத்தத்தை மட்டுமாவது அதே பக்கத்தில், அதே எழுத்து அளவில் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பொள்ளாச்சி