நம்மூர்க் கண்மாய்க்கு மூன்று வழியில் வந்த பணம்

அன்புள்ள சண்முகம்,

நலம். நீயும் நலமென்று ராமு சொன்னான். பேத்தியின் காதணி விழாவுக்கு எனக்குச் சொல்லாமல் விட்டதைப் பற்றி நேரில் பேசிக்கொள்வோம். சிறுமலை வாழைப்பழக் கணக்கும் இன்னும் தீரவில்லை, நினைவிருக்கட்டும்.

இப்போது எழுதுவது கண்மாய் விஷயம். உங்கள் நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதி உன் கையில் இருப்பதால்தான் உனக்கு எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியில் "கூட்டத்தில் இருக்கிறேன்" என்பாய். கடிதமென்றால் முழுக்கப் படித்துத்தானே ஆக வேண்டும்!

இந்த ஐப்பசி, கார்த்திகையில் மழைக்குக் குறைவில்லை. மேலக் கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்தது. மிச்சத் தண்ணீர் வழியும் கலுங்கில் ஊரே போய் நின்று வேடிக்கை பார்த்தது. அந்த மறுகால் தண்ணீர்தான் வரத்துக்கால் என்கிற வாய்க்கால் வழியாக நம் கண்மாய்க்கு வர வேண்டும். நம் கண்மாயில் நின்றதோ முழங்கால் அளவு. மற்றதெல்லாம் வழியிலேயே உடைத்துக்கொண்டு ஓடைக்குப் போய்விட்டது. போன மாசியில்தான் அவ்வளவு பணம் செலவழித்துத் தூர்வாரிய கண்மாய் இது, சண்முகம்! நாற்று விட்டவர்கள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அந்தப் பணத்தின் கதையைக் கேள். ஒரே ஆண்டில் மூன்று வழியில் பணம் வந்தது. ஒரு தனியார் நிறுவனம் தன் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து தூர்வாரித் தந்தது. நூறு நாள் வேலையில் நம் பெண்கள் வரத்துக்காலைச் சுத்தம் செய்தார்கள். கலுங்கும் கரையும் சீராக வேண்டுமென்று ஊரில் வீடு வீடாக வசூலித்து, அரசு மீதியைத் தரும் நமக்கு நாமே திட்டத்தில் ஊரின் பங்கைக் கட்டினோம். 1997-ல் வந்து, பிறகு தன்னிறைவுத் திட்டமென்று பெயர் மாறி, 2021-ல் பழைய பெயரோடு திரும்பி வந்த அதே திட்டம்தான். வெளிநாட்டில் இருக்கும் பையன்கள் அனுப்பினார்கள், களையெடுக்கப் போகிறவர்களும் கொடுத்தார்கள்.

யாரும் திருடவில்லை. என் தூக்கத்தைக் கெடுப்பதே அதுதான். திருடியிருந்தால் ஒருவனைப் பிடித்து நிறுத்திக் கேட்டிருக்கலாம். மூன்று தரப்பும் ஒழுங்காகக் கணக்கு வைத்து, படம் பிடித்து, அவரவர் வேலையை முடித்தார்கள். ஆனால் ஒருவரோடு ஒருவர் உட்கார்ந்து பேசவில்லை.

நிறுவனத்துக்கு மார்ச் 31-க்குள் கணக்கை முடிக்க வேண்டியிருந்தது. மாசியில் கண்மாய்க்குள் இன்னும் சேறு காயவில்லை. பொக்லைன் போகக்கூடிய இடம் நடுப்பகுதிதான். அங்கேயே தோண்டினார்கள், வயலுக்குத் தண்ணீர் திறக்கும் மடையின் மட்டத்துக்கும் கீழே. மடைக்குக் கீழே நிற்கிற தண்ணீர் எந்த வயலுக்கும் ஏறாது. மாடு குடிக்கும், மீன் வளரும், கிணற்றில் கொஞ்சம் ஊறும். அதுவும் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் அதைத் திறந்துவைத்தது பாசனத்துக்கென்று சொல்லி. அள்ளிய மண்ணைக் கரையின் உள்சரிவிலேயே கொட்டிவிட்டுப் போனார்கள். முதல் மழையில் பாதி திரும்பக் கண்மாய்க்குள் இறங்கிவிட்டது. வண்டல் எடுக்க 2024 முதல் வட்டாட்சியரே அனுமதி கொடுக்கலாம். முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஊர்க்காரர்களே டிராக்டர் வைத்து வயலுக்கு அள்ளியிருப்பார்கள்.

நூறு நாள் வேலைப் பெண்கள் வரத்துக்காலைக் கண்ணாடிபோல் வைத்திருந்தார்கள், நம் ஊராட்சி எல்லை வரைக்கும். எல்லைக் கல்லுக்கு அப்பால் சீமைக்கருவேல் ஆளுயரத்துக்கு நின்றது. அது அடுத்த ஊராட்சியின் வேலைப் பட்டியல். அவர்கள் ஏன் அதைச் சேர்க்க வேண்டும்? அந்தத் தண்ணீரில் அவர்களுக்கு ஒரு குழி நிலம்கூடப் பாயாது.

கார்த்திகைக் கடைசியில் மகளிர் குழுக் கூட்டமைப்புப் பெண்கள்தான் பொறுமையிழந்து ஒன்றிய அலுவலகத்துக்குப் போய் உட்கார்ந்தார்கள். 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து, தனி அலுவலர் பொறுப்பில் ஊர் இருப்பது உனக்குத் தெரியும். ஒரு தலைவர் இருந்தால் வீட்டு வாசலில் போய்ச் சத்தம் போடலாம். இப்போது கோப்பைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. இந்தப் பெண்கள் விடவில்லை. ஓவர்சியர், கிராம நிர்வாக அலுவலர், சர்வேயர், அந்த நிறுவனத்தின் களப் பணியாளர் என்று எல்லோரையும் ஒரே நாளில் மேலக் கண்மாய்க் கலுங்கில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். படிக்கும்போது காந்திகிராமத்தில் நம்மை விடியற்காலையில் எழுப்பி ஊருக்குள் நடக்கவைப்பார்களே, அதே நடை. புலப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு தண்ணீர் வர வேண்டிய பாதையிலேயே கீழ்நோக்கி நடந்தோம்.

பாதி வழியில் தார்ச்சாலை குறுக்கே போகிறது. சாலைக்கு அடியில் இரண்டு சிமென்ட் குழாய்கள். வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்சிவந்த நம் பழைய நீர்ப்பாய்ச்சி, அவருக்கு எண்பது வயதுக்கு மேலிருக்கும், குனிந்து தன் கம்பைக் குழாய்க்கு முன்னால் நட்டுக் காட்டினார். வாய்க்கால் தரையிலிருந்து குழாயின் அடி ஒரு முழம் மேலே இருந்தது. சாலையை அகலப்படுத்தியபோது பழைய கல்பாலத்தை எடுத்துவிட்டு வைத்த குழாய். குழாய்க்குள் பாதிக்கு மண், அதில் வேர் பிடித்த கருவேலங்கன்று. "தண்ணீருக்குக் கால் முளைத்தால்தான் இதில் ஏறி வரும்" என்றார். ஒருவரும் பேசவில்லை. அந்த நிறுவனத்துப் பையன் கீழே இறங்கிக் கையால் மண்ணை அள்ளிப் பார்த்துவிட்டு, "இதைச் சரிசெய்ய எவ்வளவு ஆகும்?" என்று ஓவர்சியரிடம் கேட்டான். அவர் சொன்ன தொகை, தூர்வார ஆன செலவில் ஒரு மூலைக்குக் காணாது.

யாரைக் கேட்பது என்பதுதான் இப்போது பாடு. ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், நாற்பது ஹெக்டேருக்கு மேல் இருப்பதால் மேலக் கண்மாய் நீர்வளத் துறைக்கு. அதற்குக் குறைவு என்பதால் நம்முடையது ஊராட்சி ஒன்றியத்துக்கு. இடையில் ஓடும் வாய்க்கால் வருவாய்த் துறையின் புறம்போக்கு. பாலம் சாலைத் துறைக்கு. ஒரே தண்ணீர், சண்முகம்! மேலிருந்து கீழே ஓடி வருவதற்குள் இத்தனை வாசல்களைத் தாண்ட வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு வாசலிலும் இருப்பவர் தன் எல்லைக்குள் நேர்மையாக வேலை செய்கிறார். எல்லைக்கு வெளியே ஒரு ரூபாய் செலவழித்தால் அவருக்குத் தணிக்கையில் பதில் சொல்ல முடியாது.

உன் பணத்துக்கு அந்த எல்லை கிடையாது. நான் சொல்ல வந்தது இதுதான். அரசுத் தலைப்பு எதிலும் அடங்காத இடம் எதுவோ, தனியார் பணம் அங்கே போக வேண்டும். மட்டம் பார்க்கும் சர்வே, பாலத்துக்கு ஒரு நல்ல வரைபடம், இந்த நான்கு துறைக்காரர்களையும் ஊர்க்காரர்களையும் மாதத்துக்கு ஒருமுறை ஒரே பெஞ்சில் உட்காரவைக்க ஓர் ஆள், இவற்றுக்கெல்லாம் எந்தத் திட்டத்தில் பணம் இருக்கிறது? மண்ணள்ள அரசிடமே பணம் இருக்கிறது. அதே மண்ணை நீயும் வந்து அள்ளினால், பலகையில் பெயர் இருக்குமே தவிர தண்ணீர் இருக்காது. மதுரைப் பக்கம் தானம் அறக்கட்டளைக்காரர்கள் பாசன விவசாயிகளை முதலில் வயலகம் என்ற சங்கமாகச் சேர்த்துவிட்டுப் பிறகுதான் கண்மாயில் இறங்குவார்கள். அவசரக்காரர்களுக்கு அது நேரத்தை வீணாக்குவதாகத் தெரியும். ஆனால் ஆட்கள் கிளம்பிப் போன பிறகும் மடையைத் திறக்கவும் மூடவும் ஊரில் ஆள் இருக்க வேண்டுமே.

நீ சொல்லப்போவது தெரியும். "அரசோடு சேர்ந்தால் கோப்பு நகராது, தனியாகச் செய்தால் மூன்று மாதத்தில் முடித்துவிடலாம்" என்று போன வருஷம் போனில் அடித்துச் சொன்னாய். மூன்று மாதத்தில் முடிவது தோண்டுகிற வேலை. பாலத்தை உன்னால் தனியாகத் தொட முடியுமா? ஆக்கிரமிப்பை அளந்து எடுக்க உன்னிடம் சர்வேயர் இருக்கிறாரா? அதற்கு அரசுதான் வேண்டும். கோப்பு மெதுவாகத்தான் நகரும். நகரும் வரை கூடவே நிற்பதற்குத்தான் உன் பணம்.

மார்ச் 31 என்று ஆரம்பிக்காதே. சட்டத்தை உன்னிடமிருந்து கேட்டுத் தெரிந்துகொண்டவன்தான் நான், அதை வைத்தே பேசுகிறேன். 2013-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 135-ஆம் பிரிவு, முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவழிக்கச் சொல்கிறது. எல்லாவற்றையும் அந்த ஆண்டுக்குள்ளேயே கொட்டித் தீர்க்கச் சொல்லவில்லை. ஒரே ஆண்டில் முடியாத தொடர் திட்டமென்று இயக்குநர் குழு ஏற்றுக்கொண்டால், மீதிப் பணத்தை நிதியாண்டு முடிந்த 30 நாளுக்குள் தனிக் கணக்கில் போட்டு, மூன்று நிதியாண்டுகளுக்குள் செலவழிக்கலாம். 2021 ஜனவரியில் வந்த திருத்தத்திலேயே இந்த வழி இருக்கிறது. அப்படியிருக்க, சேறு காயாத கண்மாயில் மாசி மாதம் ஏன் பொக்லைனை இறக்க வேண்டும்? சித்திரை, வைகாசியில் கண்மாய் காய்ந்து கிடக்கும். ஊர்க்காரனைக் கேட்டால் எந்த மாதம் வெட்டலாம், எவ்வளவு ஆழம் வெட்டலாம் என்று அவனே சொல்லிவிடுவான்.

உன்னிடம் கோபமில்லை. நம் வகுப்பில் படித்தவர்களில் இந்தப் பணத்தின் சாவி கையில் இருப்பது உனக்குத்தான். இன்னும் இரண்டு வருஷத்தில் நீயும் ஓய்வுபெற்றுவிடுவாய். அதற்குள் ஒரு கண்மாய்ச் சங்கிலியையாவது, மேலிருந்து கீழ்வரை, எல்லாத் துறையும் கூடி ஒழுங்காகச் செய்தது என்று உன் கையால் நடக்க வேண்டுமென்று ஆசைப்படுகிறேன். நம்மூராக இருக்க வேண்டியதில்லை. உங்கள் தொழிற்சாலையைச் சுற்றியுள்ள ஊர்களுக்குத்தான் சட்டமும் முன்னுரிமை கொடுக்கச் சொல்கிறது. அங்கேயும் கண்மாய் இருக்கும், இல்லையென்றால் ஏரி இருக்கும். போய் ஒருமுறை வாய்க்காலோடு நடந்து பார்.

நம்மூர் நிலவரம்: ஜனவரி 26 கிராம சபைக்குப் பாலத்துத் தீர்மானத்தை எழுதி வைத்திருக்கிறோம். அடுத்த ஊராட்சியிலும் அதே தீர்மானத்தைக் கொண்டுவர அந்த ஊர்க் குழுப் பெண்கள் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு மேய்ச்சல் பாதையில் ஒரு சிறுபாலம் வேண்டுமாம், அதையும் சேர்த்தே கேட்கிறோம். அந்த நிறுவனத்துப் பையன் தன் மேலதிகாரியிடம் பேசுவதாகச் சொல்லியிருக்கிறான். அவனுக்குத் தொடர் திட்டம் என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. நீ அவனோடு ஒரு பத்து நிமிடம் பேசினால் பெரிய உதவியாக இருக்கும். எண்ணைத் தனியாக அனுப்புகிறேன்.

வரத்துக்காலின் படநகல் இதோடு இருக்கிறது. சிவப்பு மையில் வட்டமிட்டிருப்பது பாலம். உங்கள் குழு கூடுவதற்கு முன்னால் பதில் எழுது, இரண்டு வரியில் தப்பிக்கப் பார்க்காதே. தை பிறந்ததும் ராமுவையும் கூட்டிக்கொண்டு வா. மீனா உனக்காக ஊறுகாய் எடுத்து வைத்திருக்கிறாள்.

அன்புடன்,
கதிரேசன்