நீலப் பெட்டியும் தட்டைப் பெட்டியும்

லாஸ்பேட்டை, புதுச்சேரி
ஞாயிறு மாலை

அன்புள்ள சேகருக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. தங்கச்சி இப்போது கைப்பிடியைப் பிடிக்காமலே மாடிப்படி ஏறுகிறாள் என்று எழுதியிருந்தாய். படித்து நிம்மதியாக இருந்தது. பதில் தாமதமானதற்கு இந்த முறை சோம்பல் காரணமில்லை. நம் பழைய தொழில் என்னைத் தேடி வந்துவிட்டது.

தேங்காய்த்திட்டுப் பக்கம் படகு வடிவமைக்கும் சிறிய அலுவலகம் ஒன்று. உரிமையாளர் அதை மூடப்போகிறார். 1990களில் போட்ட வரைபடங்கள் அத்தனையும் சிலிக்கான் கிராஃபிக்ஸ் கம்பெனியின் நீலப் பெட்டிக் கணினி ஒன்றில் இருக்கின்றன. அவற்றைத் திறக்கும் மென்பொருளோ வேறொரு கம்பெனியின் தட்டைப் பெட்டிக் கணினியில் மட்டும்தான் ஓடும். இரண்டுக்கும் இயக்க மென்பொருள் யூனிக்ஸ் வகை. “இரண்டும் யூனிக்ஸ்தானே சார், பேசிக்கொள்ளாதா?” என்று கேட்டார். பேசும், சொத்துத் தகராறில் இருக்கும் பங்காளிகள் பேசிக்கொள்வதைப் போல.

கோப்புகளை நகலெடுத்துவிட்டால் தீர்ந்தது என்பாய். தட்டைப் பெட்டியின் டிஸ்க் ஒரு ஜிபி. வரைபடங்கள் அதைப்போல மூன்று மடங்கு. ஒரு கணினியின் கோப்புகளை நெட்வொர்க் வழியாக இன்னொன்று தன்னுடையது போலப் பயன்படுத்த வைக்கும் என்எஃப்எஸ்ஸில் மவுன்ட் செய்வதை, அதாவது இணைப்பதைத் தவிர வழியில்லை.

முதல் ஒரு மணி நேரத்தைக் கடற்காற்று தின்றது. நெட்வொர்க் கேபிள் செருகும் இடத்தில் எட்டுக் கம்பிகளில் மூன்று பச்சை பூத்துக் கிடந்தன. தீக்குச்சி முனையில் பஞ்சைச் சுற்றி, ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைத்தேன். பஞ்சு நீலமாக வந்தது. மறுமுனை கேட்கிறதா என்று பார்க்கப் பிங் அடித்தேன், பதில் வந்தது. நீலப் பெட்டிதான் கோப்புகளைத் தரும் சர்வர். எதை யாருக்குத் தரலாம் என்று சொல்லும் அதன் எக்ஸ்போர்ட்ஸ் கோப்பில் ஒரு வரி எழுதி மவுன்ட் செய்ததும் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது.

பிறகுதான் வேடிக்கை. பட்டியலைப் பார்த்தால் எல்லா வரைபடங்களும் கணக்குப் பிரிவின் பெயரில்! உனக்கு நினைவிருக்கும், மஞ்சக்குப்பத்து ஆபீசில் நாம் இதே குழியில் விழுந்தோம். கோப்புக்குச் சொந்தக்காரரின் பெயர் கம்பியில் போவதில்லை, அவருடைய பயனர் எண்தான் போகிறது. நீலப் பெட்டியில் வரைபடக்காரருக்கு 1007. தட்டைப் பெட்டியில் அதே 1007 கணக்காளருக்கு. எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனராக நுழைந்து மாற்றலாம் என்றால், அயல் இயந்திரத்து ரூட்டை சர்வர் அதிகாரமே இல்லாத ‘நோபடி’ ஆக்கிவிடுகிறது. அது பாதுகாப்புக்காகச் செய்வது, கோபித்துக்கொள்ள முடியாது. தட்டைப் பெட்டியில் எண்ணை மாற்றினேன், அது முடிந்தது.

உண்மையான தலைவலி அடுத்தது. சிறிய கோப்புறைகள் ஒழுங்காகத் திறந்தன. ஆயிரத்துக்கு மேல் வரைபடங்கள் இருந்த பெரிய கோப்புறையில் பட்டியல் கேட்கும் எல்எஸ் கட்டளையைக் கொடுத்தால், வந்த பதிலைப் பிரித்துப் படிக்க முடியவில்லை என்று ஒரு ஆர்பிசி பிழை, அதாவது இரண்டு கணினிகளின் பேச்சில் வரும் பிழை. கேபிளைச் சந்தேகித்தேன், ஸ்விட்சைச் சந்தேகித்தேன், என் வயதையும் சந்தேகித்தேன். கோப்பின் பெயரை முழுதாக அடித்தால் மட்டும் அது திறந்தது! உருப்படிகள் பத்திரமாக இருக்கின்றன, பட்டியல்தான் வரவில்லை. இது புரிவதற்குள் இரண்டாவது நாளும் சாய்ந்துவிட்டது.

கடைசியில் மவுன்ட் கட்டளையில் என்எஃப்எஸ்ஸின் பழைய பதிப்பான பதிப்பு 2 என்று சேர்த்துப் பார்த்தேன். பட்டியல் கொட்டியது. அப்போதுதான் பொறி தட்டியது.

பெரிய கோப்புறையை சர்வர் ஒரே மூச்சில் தருவதில்லை அல்லவா? கொஞ்சம் தந்து, எங்கே நிறுத்தியது என்பதற்கு அடையாளமாக ‘குக்கி’ என்று ஒரு எண்ணையும் கொடுக்கிறது. அடகுக்கடைச் சீட்டு மாதிரி. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று வாங்கியவன் ஆராய வேண்டாம். திருப்பி நீட்டினால் போதும். பதிப்பு 2இல் இந்தச் சீட்டின் அகலம் 32 பிட், அதாவது 32 இரும இலக்கம். 1995இல் வெளியான பதிப்பு 3இல் 64 பிட். நீலப் பெட்டியின் டிஸ்கில் கோப்புகளை அடுக்கிவைக்கும் எக்ஸ்எஃப்எஸ் அந்த அகலம் முழுவதையும் பயன்படுத்துகிறது. தட்டைப் பெட்டியோ சீட்டு தன் 32 பிட் சட்டைப்பைக்குள் நுழையவில்லை என்று பதிலையே வீசிவிடுகிறது. விதிப்படி சர்வர் மேல் குற்றமில்லை. ஆனால் நியாயம் பேசினால் வரைபடம் வருமா?

மருந்து நீலப் பெட்டியின் யூனிக்ஸான ஐரிக்ஸின் கையேட்டிலேயே இருந்தது, எக்ஸ்போர்ட்ஸ் பக்கத்தில்: ‘32பிட்கிளையன்ட்ஸ்’ என்றொரு விருப்பம். அதைச் சேர்த்தால் சர்வரே சீட்டு எண்ணின் மேல்பாதி 32 பிட்டை மறைத்துக் கொடுத்துவிடும். எக்ஸ்போர்ட்டை நீக்கித் திரும்பக் கொடுத்து, பதிப்பு 3லேயே மவுன்ட் செய்தேன். ஆயிரத்துச் சொச்சமும் வரிசையாக இறங்கின. பக்கத்தில் நின்ற உரிமையாளர் பழைய படகுகளின் பெயர்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார். அதில் இரண்டு படகுகள் 2011 தானே புயலில் போனவையாம்.

அந்தக் கையேட்டை முதல் நாளே புரட்டியிருக்க வேண்டும் என்று நீ சொல்லப்போவது எனக்குத் தெரியும். சொல்லாதே.

அடுத்த வாரம் டேப் டிரைவை மாட்டி எல்லாவற்றையும் எழுதியெடுக்க வேண்டும். அதற்கு அந்தக் காலத்து டிரைவ்களைக் கணினியோடு இணைக்கும் அகலமான ஸ்கஸி கேபிள் ஒன்று தேவை. உன் பரண்மேல் ஒரு பெட்டி நிறையக் கிடந்ததே, தங்கச்சி எடைக்குப் போட்டுவிடவில்லையே? இருந்தால் வரும்போது எடுத்து வா. பண்ருட்டிப் பலாப்பழம் ஒன்றையும் சேர்த்துக் கொண்டுவந்தால் கூலியாக வைத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
உன் ராமு