பொம்மைத் தலையும் சீன் பேப்பரும்: அப்பாவுக்கு ஒரு பதில்

டொராண்டோ,
மாசி மாதம்.

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். அம்மாவுக்கும் ஆத்தாவுக்கும் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

பாரியூர் அம்மன் குங்குமத்தை மடித்து வைத்துத் தாங்கள் அனுப்பிய கடிதம் சென்ற வாரம் கைக்கு வந்தது. மடிப்பிலிருந்து குங்குமம் சற்றே கசிந்து, "உன் தொழில் இன்னதென்று விளங்கும்படி எழுது" என்று தாங்கள் அடிக்கோடிட்டிருந்த வரியை நன்றாகவே சிவப்பாக்கியிருந்தது. வாரந்தோறும் அலைபேசியில் பேசும்போது கடிதம் எதற்கு என்று அம்மா கேட்டிருப்பார். ஆனால் சாப்பிட்டாயா, குளிர் எப்படி என்பதற்கு மேல் நம் வீட்டில் யாரும் அலைபேசியில் பேசுவதில்லை. கல்யாண மண்டபத்தில் பெருந்துறை மாமா எல்லார் முன்னிலையிலும் "பையன் கனடாவில் பொம்மைக்குச் சாயம் பூசுகிறானாமே" என்று கேட்டதையும், தாங்கள் பதில் சொல்லாமல் பந்திக்கு எழுந்து போனதையும் தங்கச்சி சொன்னாள். இனி அவர் கேட்டால் சொல்ல வேண்டியதை எழுதுகிறேன்.

இவை குழந்தைகளுக்கான பொம்மைகள் அல்ல. திரைப்படப் பாத்திரங்களையும் போர்வீரர்களையும் ஆறில் ஒரு பங்கு அளவில், அதாவது ஆறடி ஆள் ஓரடி உயரத்தில் நிற்கும்படி செய்கிறார்கள். வளர்ந்த ஆட்கள் அவற்றை விலை கொடுத்து வாங்கிக் கண்ணாடி அலமாரியில் நிறுத்தி வைக்கிறார்கள். 1964இல் அமெரிக்காவில் ஹாஸ்ப்ரோ நிறுவனம் ஜி.ஐ. ஜோ என்ற சிப்பாயை ஏறத்தாழ இதே அளவில் பையன்களுக்காக விற்பனைக்கு விட்டது. அந்தப் பையன்களில் பலர் தலை நரைத்த பின்னும் அந்த ஆசையை விடவில்லை. இன்று ஹாங்காங்கின் ஹாட் டாய்ஸ் போன்ற நிறுவனங்கள் செய்யும் உருவங்களில் சட்டைப் பொத்தான்கூட அளவு தப்பாது. இருந்தாலும் வாங்குகிறவன் முதலில் பார்ப்பது முகத்தைத்தான். ஆலையில் பூசிய முகம் பிடிக்காதவர்களும், வெறும் தலையாகத் தனியே வாங்கியவர்களும் எங்கள் பட்டறைக்கு அனுப்புகிறார்கள். நான் பூசுவது அந்தத் தலையை மட்டுமே. அதன் உயரம் நான்கு சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும்.

ரெசின் என்ற பிளாஸ்டிக் போன்ற பொருளில் அச்சில் வார்த்த தலையின் மேல் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். அதைப் பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் பல்துலக்கியால் தேய்த்துக் கழுவாவிட்டால் எந்த நிறமும் நிற்காது. அடுத்து, அச்சின் இரண்டு பாதிகளும் சேர்ந்த கோட்டை உப்புத்தாளால் தேய்த்து மறைக்க வேண்டும். தூள் நுரையீரலுக்கு ஆகாது என்பதால் நனைத்துத்தான் தேய்ப்போம், முகமூடியும் போட்டுக்கொள்வோம். (இதை அம்மாவிடம் சொல்லும்போது முகமூடியை முதலில் சொல்லுங்கள்.) பிறகு நிறம் பிடிப்பதற்கான அடிப்பூச்சாகிய பிரைமர், அதன் மேல் காற்றால் நிறத்தைத் தெளிக்கும் ஏர்பிரஷ்ஷால் தோல் நிறம். தோல் நிறம் என்று ஒரே நிறம் கிடையாது. அக்ரிலிக் சாயத்தை நீர்போலக் கரைத்து, மூக்கு நுனியிலும் காதிலும் கன்னத்திலும் சிவப்பு, நெற்றியில் மஞ்சள், மழித்த தாடையில் நீலச் சாம்பல் என்று படலம் படலமாக ஏற்றி, கீழே இருப்பது மேலே மங்கலாகத் தெரியும்படி விட வேண்டும். ஒரே கெட்டிப் பூச்சில் முடித்தால் அது துணிக்கடை வாசலில் நிற்கும் பொம்மையின் முகம் ஆகிவிடும்.

கண்தான் கடினம். மனிதக் கண்ணின் கருவிழி வட்டம் ஏறத்தாழ 12 மில்லிமீட்டர். ஆறில் ஒரு பங்கு என்றால் 2 மில்லிமீட்டர். அதற்குள் விளிம்பு வளையம், நிறம், பாவை, ஒளிப்புள்ளி எல்லாம் வர வேண்டும். வெள்ளை விழிக்குச் சுத்த வெள்ளை பூசினால் முறைப்பதுபோல் இருக்கும். துளி சாம்பலும் துளி சிவப்பும் கலக்கிறோம். கருவிழியின் மேல் விளிம்பை இமை கொஞ்சம் மறைத்தாக வேண்டும், முழு வட்டமும் தெரிந்தால் ஆள் பேயைக் கண்டவன்போல் நிற்பான். பட்டறையில் மற்றவர்கள் கண்ணை முதலில் முடித்துவிட்டுத் தோலுக்குப் போகிறார்கள், சிந்தினால் சரிசெய்வது எளிது என்பதால். நான் மட்டும் கடைசியில்தான் கண் எழுதுகிறேன். நம் அண்ணமார் கோயில் மண்குதிரைக்குக் கடைசியாகக் கண் திறந்ததைத் தங்கள் தோளில் உட்கார்ந்து பார்த்தவனுக்கு வேறு மாதிரி கை வரவில்லை.

இன்னொன்றையும் பெருந்துறை மாமாவிடம் சொல்லலாம். மாநிற, கறுத்த முகங்கள் வந்தால் முதலாளி என்னிடம்தான் தருகிறார். மற்றவர்கள் பழுப்பில் கறுப்பைக் கலந்து நிழலடிக்கிறார்கள், முகம் சாம்பல் பூத்துவிடுகிறது. நம் தோலின் நிழலில் கறுப்பு கிடையாது. செம்மண்ணும் காவியும் கத்தரி ஊதாவும் இருக்கின்றன, வெளிச்சம் விழும் இடத்தில் மஞ்சள் இருக்கிறது. போன பொங்கலன்று தங்கச்சி அலைபேசியைக் களத்துப் பக்கம் திருப்பியபோது, ராசப்பன் வெயிலில் முகம் துடைத்துக்கொண்டு நின்றார். அந்தப் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு அதைப் பார்த்துத்தான் நிறம் கலந்தேன். அவரிடம் சொல்ல வேண்டாம், கூலி கேட்பார்.

குளிர் இன்று பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரி. வெப்பக் கருவியை அதிகம் ஓட்டினால் காற்று வறண்டு, தட்டில் கலந்த நிறம் உடனே காய்ந்துவிடுகிறது. அதனால் அறையில் சூட்டைக் குறைத்தே வைத்திருக்கிறேன், தொழிலுக்கு அதுதான் நல்லது. நனைத்த பஞ்சின் மேல் வெண்ணெய்த்தாளை விரித்து அதில் கலந்தால் நிறம் இன்னும் நெடுநேரம் நிற்கிறது. தை பிறந்ததிலிருந்து பட்டறைக்குப் போகாமல் வீட்டிலேயே பூசுகிறேன். முதலாளி இனித் தலைக்கு இவ்வளவு என்று தருவதாகச் சொல்லியிருக்கிறார், போகவர நேரம் மிச்சம். உணவுக்குக் குறையே இல்லை. நான் இருக்கும் ஸ்கார்பரோவில் யாழ்ப்பாணத்துக்காரர் கடைகள் நிறைய உண்டு, முருங்கைக்காய்கூடக் கிடைக்கிறது. பெரும்பாலும் அரிசிம்பருப்பு சாதம்தான் ஆக்குகிறேன், ஒரே பாத்திரத்தில் முடிந்துவிடும். அம்மா கொடுத்தனுப்பிய கொள்ளுப் பொடி இன்னும் இருக்கிறது. கடைக்கும் நூலகத்துக்கும் நடந்தே போகிறேன். நடை உடம்புக்கு நல்லது.

அடுத்து, தாங்கள் கேட்ட மற்றது. மாலையில் சமூகக் கூடம் ஒன்றில் திரைக்கதை எழுதக் கற்றுத் தருகிறார்கள். "அதையும் படிக்க வேண்டுமா" என்று எழுதியிருக்கிறீர்கள். சேலத்தில் படித்த காலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் படநிறுவனத்தின் வளைவைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அதன் முதலாளி டி.ஆர். சுந்தரத்தின் கதை இலாகாவைப் பற்றிக் கூட வந்தவர்களுக்குச் சொன்னவர் தாங்களே. அங்கே சம்பளத்துக்கு உட்கார்ந்து எழுதிப் பழகியவர்களில் பின்னாளில் முதலமைச்சரானவரும் உண்டு. வெள்ளாங்கோவிலிலிருந்து போன பாக்யராஜை நம் பக்கத்தில் இன்றும் நடிகர் என்பதைவிடத் திரைக்கதைக்காரர் என்றுதான் மெச்சுகிறார்கள். ஆகவே இது நம் ஊருக்குப் புதிய தொழில் அன்று.

இங்கே முறை கறாரானது. பழைய தட்டச்சு எழுத்துப்போன்ற கூரியர் எழுத்து, 12 புள்ளி அளவு. அப்படி எழுதினால் ஒரு பக்கம் திரையில் ஏறத்தாழ ஒரு நிமிடம் ஓடும் என்பது கணக்கு. ஒவ்வொரு காட்சியின் தலையிலும் உள்ளா வெளியா, எந்த இடம், பகலா இரவா என்று எழுத வேண்டும். எல்லாம் நிகழ்காலத்தில். எல்லாவற்றையும்விட, கண்ணுக்குத் தெரிவதையும் காதில் கேட்பதையும் தவிர ஒன்றும் எழுதக் கூடாது. "அவன் வருந்தினான்" என்று எழுதினால் ஆசிரியை அந்த வரியை அடித்துவிடுகிறார். வருந்துகிறவன் என்ன செய்கிறான் என்று கேட்கிறார்.

பக்கத்து வீட்டு இத்தாலியத் தாத்தாவை வைத்து ஒரு காட்சி எழுதினேன். அவரைத் தங்களுக்கும் பிடிக்கும், ஏனென்றால் விவசாயி. பின்கட்டில் ஓர் அத்தி மரம் வைத்திருக்கிறார். இந்தக் குளிரை அத்தி தாங்காது. எனவே இலை உதிர்ந்ததும் மரத்தின் ஒரு பக்க வேரை மண்வெட்டியால் வெட்டி, கிளைகளைக் கயிற்றால் கட்டி, மரத்தையே சாய்த்துக் குழிக்குள் படுக்கவைத்து, பலகையும் பழைய துணியும் போட்டு மண்ணால் மூடிவிடுகிறார். வசந்தம் வந்ததும் தோண்டி நிமிர்த்துவாராம். ஊரிலிருந்து வந்த இத்தாலியர்கள் பலர் இப்படித்தான் அத்தி வளர்க்கிறார்கள். கார்த்திகையில் நானும் கயிறு பிடித்தேன். மரத்தின் மேல் விரிக்க அவர் ஒரு மெத்தைப் போர்வையைக் கொண்டுவந்தார். விரிப்பதற்கு முன் அதன் ஓரத்தில் பிரிந்து தொங்கிய நூலைச் சுற்றியெடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அது அவருடைய காலஞ்சென்ற மனைவி தைத்தது என்று நான் ஒரு பத்தி எழுதியிருந்தேன். ஆசிரியை அந்தப் பத்தி முழுவதையும் அடித்துவிட்டு, நூலை மட்டும் விட்டுவைத்தார். எனக்குக் கோபம்தான் வந்தது. இரண்டு நாள் கழித்துப் படித்துப் பார்த்தால் அவர் செய்ததே சரி.

தலை பூசுவதற்கும் இது உதவுகிறது. ஒரு தலைக்கு ஒரே முகபாவம்தான் வார்க்கப்பட்டிருக்கிறது, வாய் திறக்காது. அந்த ஆள் இரவில் தூங்கினானா என்பதைக் கீழிமையில் ஒரு கோடு ஊதாவில் சொல்லியாக வேண்டும்.

இப்போது சொந்தமாக ஒரு கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். கோபிப் பக்கம் படப்பிடிப்புக்கு வருகிறவர்களுக்குக் காங்கேயம் மாட்டுச் சோடியையும் வண்டியையும் வாடகைக்கு விடும் ஒரு குடியானவர். மாடுகளுக்குக் கேமரா பழகிவிடுகிறது, அவருக்குப் பழகவில்லை. நம் சினிமாக்காரர் மொழியில் இதுதான் ஒன்லைன். சீன் ஆர்டர், அதாவது காட்சிகளின் வரிசை, பாதி வந்திருக்கிறது. களத்தில் மஞ்சள் வேகவைக்கும் காட்சிக்கு வந்தபோதுதான் நின்றுவிட்டேன். கொப்பரை, ஆவி, அம்மாவின் முழங்கை வரை ஏறிய மஞ்சள், எல்லாம் எழுதிவிடலாம். அந்த வாசத்தைத் திரையில் எழுத வழியில்லை. அன்று எதையும் எழுதவில்லை, பூசவும் இல்லை. ஊரில் அப்போது விடியற்காலை, அழைத்தால் பதறுவீர்கள் என்று விட்டுவிட்டேன். சில இரவுகளில் நம் கிணற்றடி மோட்டார் சத்தம் கேட்பதுபோல் எழுந்து உட்கார்கிறேன், அவ்வளவுதான். வேறு குறை ஒன்றும் இல்லை.

வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். தங்கச்சியின் முகூர்த்தத்தை வைகாசியில் வைக்கலாம் என்று காங்கேயத்தார் கேட்பதாக எழுதியிருந்தீர்கள். ஆவணிக்குத் தள்ளிவைக்க முடியுமா என்று பவானி அத்தையை விட்டுப் பேசிப் பாருங்கள். கோடையில் இங்கே பயணச்சீட்டு அநியாய விலை, வேலையும் நெருக்கும். அவர்கள் ஒத்துக்கொள்ளாவிட்டால் வைகாசியே இருக்கட்டும். அண்ணன் செய்ய வேண்டிய முறைகளுக்குப் பெரியப்பா மகனை நிற்கச் சொல்லுங்கள், நானே அவனிடம் பேசுகிறேன். தங்கச்சியிடம் இதை இப்போது சொல்ல வேண்டாம்.

செலவுக்காகச் செவலைச் சோடியை விற்கும் எண்ணம் வேண்டாம். கதைக்காக அவற்றைப் பற்றி இத்தனை பக்கம் எழுதிவிட்ட பிறகு சந்தையில் கயிறு மாறியது என்று கேட்க எனக்குத் தெம்பில்லை, தவிர இன்றைய விலைக்குத் திரும்ப வாங்கவும் முடியாது. மஞ்சளை வேகவைத்து உலர்த்தியதும் ஈரோட்டுக்கு முழுதாகக் கொண்டுபோகாமல், கல்யாணத்துக்கு வேண்டிய அளவை மட்டும் விற்று, மீதியைக் கிடங்கில் வையுங்கள். இந்த மாதம் அனுப்ப வேண்டியதைப் பங்குனியில் சேர்த்து அனுப்புகிறேன். இங்கே வங்கிக் கணக்கை மாற்றுவதால் சற்றுத் தாமதம்.

பெரியப்பா பொதுவரப்பில் ஆழ்துளைக் கிணறு போடுவதற்குக் கையெழுத்துக் கேட்டால், செலவும் தண்ணீர் முறையும் எழுத்தில் வந்த பிறகே போடுங்கள். பட்டா நகலையும் கிரயப் பத்திரத்தையும் தங்கச்சியை அலைபேசியில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள், பின்பக்கத்தில் இருக்கும் நான்கெல்லையும் தெரியும்படி.

தங்கள் மகன்.