சீட்டுல ஆசியா டைமண்ட்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன ஞாயிறு இணைப்புல பழங்கால மேப் சீட்டுக்கட்டு பத்தின கட்டுரை படிச்சேன். படமெல்லாம் அருமை, ஆனா முழுக்க அழகு, அபூர்வம், கலெக்‌ஷன்னே போயிடுச்சு, இதையெல்லாம் யாரு யாருக்காக செஞ்சாங்கன்னு ஒரு வரி கூட இல்ல, மனசு கேக்காமதான் எழுதுறேன்.

1644ல பிரான்ஸ்ல, அப்போ தலைமை அமைச்சரா இருந்த கார்டினல் மசாரின் ஏற்பாட்டுல ஸ்தெஃபானோ தெல்லா பெல்லாங்கிற இத்தாலிய ஓவியர் ஒரு கட்டு செஞ்சு கொடுத்தார், சின்னப் பையனா இருக்கும்போதே ராஜாவாயிட்ட பதினாலாம் லூயிக்கு பூகோளம் சொல்லித்தர. நாலு ஜாதி சீட்டுக்கு நாலு கண்டம்: ஹார்ட்டின் ஐரோப்பா, டைமண்ட் ஆசியா, ஸ்பேடு ஆப்பிரிக்கா, கிளாவர் அமெரிக்கா. சீட்டுக்கு ஒரு நாடுன்னு அந்த ஊர் டிரஸ்ல ஒரு உருவம் நிக்கும், அடியில சில வரி, அவ்ளோதான் அந்த நாடு. அதே பையன் வளர்ந்து ஆண்டப்பதான் 1664ல பிரெஞ்சு கிழக்கிந்திய கம்பெனி ஆரம்பிச்சாங்க, 1674ல அது பாண்டிச்சேரில வந்து உக்காந்துச்சு. சீட்டாட்டத்தாலதான் வந்தாங்கன்னு சொல்லல, ஆனா அடுத்தவன் நாட்டை உள்ளங்கையில வச்சுப் பாக்குற பழக்கம் அந்த வயசுலயே வந்துடுதுல்ல?

இதுல இன்னொண்ணு கவனிங்க. 1590ல இங்கிலாந்துல வந்த கட்டுல 52 சீட்டு, இங்கிலாந்தும் வேல்ஸும் சேர்த்து 52 கவுண்டி (நம்ம மாவட்டம் மாதிரி), ஒண்ணுக்கு ஒண்ணு நிஜ மேப். 1676ல ராபர்ட் மோர்டன் போட்ட கட்டுல ரோடு கூட இருக்கும். அவங்க மண்ணுன்னா ஆறு, ஊர், ரோடு எல்லாம் அளந்து போடுறாங்க, நம்ம பக்கம்னா ஒரு வேஷம் கட்டுன பொம்மை. எனக்கு உறுத்துறது இதுதான்.

அப்புறம் நம்ம பக்கத்தையும் அளந்தாங்க, ஆனா யாருக்காக? 1782ல ஜேம்ஸ் ரென்னல்ங்கிற ஆங்கிலேய நில அளவையாளர் போட்ட இந்துஸ்தான் மேப்போட மூலையைப் பாருங்க, பண்டிதருங்க சாஸ்திர ஏடுகளை பிரிட்டானியா கிட்ட, அதாவது பிரிட்டனையே ஒரு பொம்பளையா வரைஞ்ச உருவத்துக்கிட்ட ஒப்படைக்கிறாங்க, அந்த அம்மா பாதுகாப்பு தர்ற மாதிரி நிக்கிறாங்க. 1884-85ல பெர்லின்ல ஐரோப்பாக்காரங்க கூடி ஆப்பிரிக்காவை யார் யார் எடுத்துக்கலாம்னு விதி வகுத்தப்போ ஒரு ஆப்பிரிக்கரைக் கூட கூப்பிடல.

அந்தச் சீட்டுங்களை வெறுக்கச் சொல்லல, எனக்கே அந்தக் கோடுங்க மேல அவ்ளோ ஆசை. அடுத்த தடவை போடும்போது படத்துக்குக் கீழ எந்த வருஷம், யாருக்காக செஞ்சதுன்னு ரெண்டு வரி சேருங்க, அந்த டைமண்ட் சீட்டுங்கள்ல ஆசியா பத்தி என்ன எழுதியிருக்குன்னு தமிழ்லயும் போடுங்க.

இப்படிக்கு,
உங்க வாசகர்